ஏபி மொழித் தேர்வில் 4 வந்தாயிற்று. கல்லூரியில் எந்த வகுப்பில் உட்காருவது?

ஜூலை தொடக்கத்தில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு; உச்சம் 5) மதிப்பெண்கள் வந்து சேரும். கால்குலஸில் 4, 5 வாங்கியவர்களுக்குப் பெரிய குழப்பம் இருப்பதில்லை. முதல் பாகம் முடிந்தது, அடுத்தது இரண்டாம் பாகம். மொழித் தேர்வு எழுதியவர்களின் பாடு வேறு. ஸ்பானிஷில் 4 வாங்கிய ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கல்லூரியின் மதிப்பெண் அட்டவணை "202 வரை கிரெடிட் உண்டு" என்கிறது. 202 என்பது இரண்டாம் ஆண்டு வகுப்பின் எண்; கிரெடிட் என்பது பட்டத்துக்குச் சேரும் பாட அலகு. ஸ்பானிஷ் துறையின் பக்கமோ "எல்லோரும் பிளேஸ்மெண்ட் தேர்வு (எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் தேர்வு) எழுதியே ஆகவேண்டும்" என்கிறது. புது மாணவர்களுக்கான ஓரியண்டேஷன் நாளில் எதிரே உட்கார்ந்திருக்கும் அட்வைசர், அதாவது பாடத் தேர்வுக்கு வழிகாட்டுபவர், "உனக்கு மொழி முடிந்துவிட்டது, வேறு வகுப்பு பார்" என்கிறார்.

இந்த மூன்றும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். மூன்று பேரும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். எது எந்தக் கேள்விக்கான பதில் என்று தெரியாததால்தான் செப்டம்பரில் பலர் தவறான வகுப்பில் போய் உட்காருகிறார்கள், அல்லது உட்கார வேண்டிய வகுப்பை விட்டுவிடுகிறார்கள்.

## ஏபி மொழித் தேர்வு எதை அளக்கிறது

காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1955 முதல் நடத்திவரும் திட்டம் இது. பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம் ஒன்றைப் படித்து, மே மாதம் பொதுத் தேர்வு எழுதினால் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் கிடைக்கும். 3 வாங்கினால் கல்லூரிகள் கிரெடிட் தரலாம் என்பது அமெரிக்கக் கல்விக் குழுமத்தின் பரிந்துரை. அது பரிந்துரை மட்டுமே. தருவதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் கையில்.

திட்டத்தின் முழுப் பெயர் அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட். வகுப்பில் மேலே கொண்டுபோய் உட்காரவைப்பது என்பதுதான் பெயரின் பொருள். கிரெடிட் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லவே இல்லை. ஆனால் வீடுகளில் ஏபி என்றாலே கிரெடிட், கிரெடிட் என்றாலே மிச்சமாகும் ஃபீஸ் என்றுதான் கணக்குப் போடுகிறோம். கணக்கில் தவறில்லை, அது முழுக் கணக்கும் இல்லை.

மொழிகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பானியம், லத்தீன் ஆகிய ஏழுக்கு இந்தத் தேர்வு உண்டு. ஸ்பானிஷுக்கு மட்டும் இரண்டு: மொழிக்கு ஒன்று, இலக்கியத்துக்கு ஒன்று. இலக்கியத் தேர்வுக்கு இடைக்காலம் தொடங்கி இன்றுவரை 38 படைப்புகள் கொண்ட கட்டாய வாசிப்புப் பட்டியல் உண்டு. அதில் 5 வாங்கியவரும் மொழித் தேர்வில் 5 வாங்கியவரும் கல்லூரியில் ஒரே கதவு வழியாக நுழைய வேண்டும் என்பதில்லை.

இன்றும் பேசப்படும் ஆறு மொழிகளுக்கும் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கையும் சோதிக்கிறார்கள். பேச்சுப் பகுதி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் அந்த எண்ணின் எல்லை புரியும். ஸ்பானிஷ் தேர்வில் பல ஆண்டுகளாக இருந்துவரும் உரையாடல் பகுதியில், பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று கேள்வி கேட்கும்; மாணவர் 20 விநாடியில் பதில் சொல்ல வேண்டும்; இப்படி ஐந்து முறை. நன்றாகப் பழகிய பிள்ளை இதில் தேறிவிடும். கல்லூரியின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் எதிரே இருப்பது ஒரு பேராசிரியர். அவர் பதிலுக்குப் பதில் கேள்வி கேட்பார், 20 விநாடியில் விடமாட்டார்.

சீனத்திலும் ஜப்பானியத்திலும் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்த இரண்டு தேர்வுகளும் கணினியில். உச்சரிப்பைத் தட்டினால் திரையில் எழுத்துகள் வரிசையாக வரும், சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கையால் ஓர் எழுத்தும் எழுத வேண்டியதில்லை. பல கல்லூரி வகுப்புகளில் வாராந்திரச் சிறுதேர்வு இன்னமும் தாளில், கையெழுத்தில்தான். சீனத்தில் 5 வாங்கிய பிள்ளை முதல் வாரச் சிறுதேர்வில் பேனாவைப் பிடித்துக்கொண்டு விழிப்பதற்கு இதுதான் காரணம். லத்தீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே பேச்சுத் தேர்வே கிடையாது. பள்ளியில் படித்ததும் மூல நூலை வாசிப்பது, கல்லூரியில் படிக்கப்போவதும் அதுதான்.

## ஓர் எண், மூன்று பதில்கள்

கல்லூரிக்குப் போனதும் அந்த ஒற்றை எண் மூன்றாகப் பிரிகிறது.

1. மொழி நிபந்தனை. பட்டம் பெற ஒரு பிறமொழியில் இவ்வளவு தேர்ச்சி இருக்க வேண்டும் என்று கலை, அறிவியல் கல்லூரிகள் பலவும் விதிக்கின்றன. பொறியியல் பிரிவுகளில் பெரும்பாலும் இந்த விதி இருக்காது. கேள்வி இதுதான்: இந்த மதிப்பெண் அந்த நிபந்தனையை நிறைவேற்றுகிறதா?

2. கிரெடிட். பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட் வேண்டும். கேள்வி: அதில் எத்தனையை இந்த மதிப்பெண் கழித்துத் தருகிறது?

3. பிளேஸ்மெண்ட். இதே மொழியைத் தொடர்ந்தால் எந்த எண்ணுள்ள வகுப்பில் ஆரம்பிப்பது?

ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மற்ற இரண்டுக்கும் 'ஆம்' என்று ஆகிவிடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் ஏபி மொழித் தேர்வில் 3 வாங்கினாலே 8 குவார்ட்டர் யூனிட், அதாவது 5.3 செமஸ்டர் யூனிட் கிரெடிட் கணக்கில் ஏறும். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மத் கல்லூரியோ, 2018இல் பட்டம் பெற இருந்த வகுப்பு முதற்கொண்டு ஏபிக்குக் கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது. வகுப்பில் மேலே உட்காரவைக்க மட்டும் மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறது. யேல் இன்னொரு வகை. அங்கே மொழி வகுப்புகளை எல்1 முதல் எல்5 வரை வகுத்திருக்கிறார்கள். எவ்வளவு நல்ல மதிப்பெண்ணோடு வந்து எல்5இல் இடம் கிடைத்தாலும், அந்தத் தரத்தில் ஒரு வகுப்பாவது எடுத்தால்தான் நிபந்தனை தீரும். பள்ளியில் வாங்கிய எண்ணை வைத்து மொழியிலிருந்து முற்றிலும் தப்பிக்க அங்கே வழியில்லை.

ஆக, "5 வாங்கியிருக்கிறான், மொழி முடிந்தது" என்று கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் யாராவது சொன்னால் அந்த வாக்கியத்துக்குப் பொருளில்லை. வாட்ஸ்அப் குழுவில் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் சொன்னதும் அப்படித்தான்.

## 202க்கும் 301க்கும் நடுவில் இருக்கும் பள்ளம்

கல்லூரிக்குக் கல்லூரி எண்கள் மாறும், அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். 101, 102 முதலாண்டு. 201, 202 இரண்டாம் ஆண்டு. இவை நான்கும் மொழியைக் கற்றுத்தரும் வகுப்புகள். பாடநூல் இருக்கும், அதிகாரம் அதிகாரமாக இலக்கணம் இருக்கும், சொற்பட்டியல் இருக்கும். 301க்கு மேலே போனால் மொழியைக் கற்றுத்தருவது நின்று, மொழியில் கற்றுத்தருவது தொடங்குகிறது. சிறுகதை வாசித்து மூன்று பக்கம் எழுது, மெக்சிகோ புரட்சி பற்றி விவாதி என்பார்கள்.

ஏபியில் 4, 5 வாங்கியவர்களை அட்டவணை பெரும்பாலும் இந்தப் பள்ளத்தின் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்துகிறது. தாண்டுவதா, ஒரு படி கீழே இறங்கி ஓடிவந்து தாண்டுவதா என்பதே உண்மையான கேள்வி.

பள்ளம் எப்படி இருக்கும் என்பதை ஒரே ஓர் இலக்கணப் புள்ளியில் பார்த்துவிடலாம். "நேற்று கடற்கரைக்குப் போனேன்" என்பதற்கு ஸ்பானிஷில் 'ஃபுயி' என்று வரும். "சின்ன வயதில் தினமும் கடற்கரைக்குப் போவேன்" என்பதற்கு 'இபா'. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளைகள் இரண்டு இறந்தகாலங்களுக்கும் நடுவில் ஆண்டுக்கணக்கில் திண்டாடுவார்கள். தமிழ்க் காதுக்கு இது புதிதில்லை. முடிந்துபோன பழக்கத்தைச் சொல்ல நாம் 'போனேன்' என்பதை விட்டுவிட்டு எதிர்கால வடிவமான 'போவேன்' என்பதை எடுக்கிறோம் அல்லவா, அதே வேறுபாடுதான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு யாராவது இதைச் சுட்டிக்காட்டினால் அரை மணியில் புரிந்துவிடும்; பள்ளியில் சுட்டிக்காட்ட ஆள் இருப்பதில்லை.

அடுத்தது 'நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்ற வாக்கியம். 'கியெரோ கே வெங்காஸ்' என்று வினை உருமாற வேண்டும். 'கியெரோ கே வியெனெஸ்' என்றால் பிழை. 202 வகுப்பில் இந்தப் பிழைக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுத் திருத்தித் தருவார்கள், மறுபடி எழுதலாம். 301இல் கட்டுரையின் கருத்துக்கு மதிப்பெண் போடும்போது இதெல்லாம் ஏற்கெனவே கைக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கக் கட்டுரையில் இப்படிப் பத்துப் பிழை இருந்தால் ஆசிரியர் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார், கிரேடைக் குறைப்பார்.

## அதே 4, வேறு வேறு பிள்ளைகள்

ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேரை ஒரே வகுப்பில் போடக்கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது இடைவெளி. பலர் பதினொன்றாம் வகுப்பிலேயே ஏபி மொழித் தேர்வை எழுதிவிடுகிறார்கள். பன்னிரண்டில் அந்த நேரத்தை இயற்பியலுக்கோ கணினிக்கோ கொடுத்துவிட்டு, மறு ஆண்டு ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகிறார்கள். மே முதல் அடுத்த ஆகஸ்ட் வரை 15 மாதம். இந்த 15 மாதத்தில் வாசிப்பு ஓரளவு தங்கும், பேச்சுதான் முதலில் கழன்றுபோகும். அட்டவணைக்கு இது தெரியாது. அதற்கு 4 என்றால் 4, போன மே மாதம் வாங்கியதா அதற்கு முந்தைய மேயா என்ற கேள்வியே அதற்குக் கிடையாது.

இரண்டாவது வீட்டு மொழி. காலேஜ் போர்டே இதை ஒப்புக்கொள்கிறது. மொழித் தேர்வு முடிவுகளை வெளியிடும்போது எல்லோருக்கும் சேர்த்து ஒரு கணக்கும், வீட்டிலோ வெளிநாட்டிலோ அந்த மொழியைப் பழகாமல் பள்ளியில் மட்டும் படித்தவர்களுக்குத் தனிக் கணக்கும் தருகிறது. சீனத் தேர்வில் மொத்தக் கணக்கைப் பார்த்தால் ஏறத்தாழ பாதிப் பேர் 5. பள்ளியில் மட்டும் படித்தவர்களைத் தனியே எடுத்தால் அந்தப் பங்கு வெகுவாக இறங்கிவிடும். வீட்டுமொழிப் பிள்ளைகளின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டியோடு சளசளவென்று பேசுவார்கள். ஒரு முறையான மின்னஞ்சல் எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். இவர்களுக்கென்றே பெரிய பல்கலைக்கழகங்கள் தனி வகுப்பு வைத்திருக்கின்றன. ஹெரிட்டேஜ் வகுப்பு என்று பெயர். எழுத்து, நடை, முறைசார்ந்த சொற்கள் ஆகியவற்றில் கவனம் இருக்கும். மெக்சிகோ வம்சாவளி மாணவரை வழக்கமான 202இல் உட்காரவைத்தால் அவருக்குத் தூக்கம் வரும், பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பயம் வரும்.

மூன்றாவது, மதிப்பெண் எப்படிச் சேர்ந்தது என்பது. வாசிப்பிலும் கேட்டலிலும் அள்ளிக்கொண்டு, பேச்சில் விட்டதை ஈடுகட்டி 4 வாங்குபவர் உண்டு. அதன் தலைகீழும் உண்டு. கல்லூரிக்குப் போவது கூட்டுத்தொகை மட்டும்.

## பிளேஸ்மெண்ட் தேர்வு எதற்கு

இந்தக் காரணங்களால்தான் பல துறைகள் ஏபி மதிப்பெண் இருந்தாலும் தங்கள் தேர்வையும் எழுதச் சொல்கின்றன. பெரும்பாலும் கோடை விடுமுறையில் வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம், பக்கத்தில் கண்காணிப்பாளர் இருக்கமாட்டார். இங்கேதான் ஒரு தவறு நடக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதி, உயர்ந்த இடம் வாங்கிவிடுவது. மற்றத் தேர்வுகளில் ஏமாற்றினால் ஏமாறுவது ஆசிரியர். இதில் எழுதியவரே தலைக்கு மேலான வகுப்பில் போய் உட்காருவார், ஒரு செமஸ்டர் ஜிபிஏயை, அதாவது சராசரி கிரேடை, கொடுத்துவிட்டு வருவார். மருந்துக்கு முன் டாக்டரிடம் வலி எங்கே என்று பொய் சொல்வதைப் போன்ற காரியம் இது.

ஏபி அட்டவணை 301 என்கிறது, பிளேஸ்மெண்ட் 202 என்கிறது என்றால் எதைக் கேட்பது? விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விதி இடம் கொடுத்தால், பிளேஸ்மெண்ட் முடிவுக்கே நான் அதிக எடை கொடுப்பேன். அது அண்மையில் எடுத்தது, அந்தத் துறை தன் வகுப்புகளை மனதில் வைத்துத் தயாரித்தது. ஆனால் அதில் பெரும்பாலும் பேச்சுச் சோதனை இருக்காது. பேச்சில் வலுவான பிள்ளைக்கு அது குறைத்துக் காட்டும். அப்போது துறையின் மொழி ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பத்து நிமிடம் நேரில் பேசினால் தீர்ந்துவிடும். பொது அட்வைசரிடம் போய் இதைக் கேட்பதில் பயன் குறைவு. நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்ப்பவர் அவர். நிபந்தனை தீர்ந்ததா இல்லையா என்பதுதான் அவர் திரையில் தெரியும்.

## கையில் இருக்கும் நான்கு வழிகள்

ஒன்று, அட்டவணை சொல்லும் அடுத்த வகுப்புக்கே போவது. கடைசி ஆண்டுவரை மொழியைப் படித்தவர்களுக்கு, ஸ்பானிஷையோ பிரெஞ்சையோ மைனராக (துணைப் பாடமாக) எடுக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது நேரான பாதை. மேஜருக்கும் (முதன்மைப் பாடம்) மைனருக்கும் பொதுவாக 300க்கு மேற்பட்ட வகுப்புகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 301இல் தொடங்குபவர் ஐந்தாறு வகுப்புகளில் மைனரை முடித்துவிடலாம். 300 தரத்திலேயே வகுப்புகள் பல வகை. இலக்கணமும் கட்டுரையும், உரையாடல், இலக்கிய அறிமுகம், சில இடங்களில் மருத்துவ ஸ்பானிஷ், வணிக ஸ்பானிஷ். இவற்றில் 'இலக்கணமும் கட்டுரையும்' என்ற தலைப்பில் வருவதுதான் பள்ளத்தின் மேல் போட்ட பாலம். எண் சிறியது என்று இலக்கிய அறிமுகத்தை முதலில் எடுப்பது அடிக்கடி நடக்கும் பிசகு.

இரண்டு, ஒரு படி இறங்குவது. இதற்கு விலை உண்டு. 202க்கு ஏபி கிரெடிட் வாங்கிவிட்டு அதே 202ஐ மறுபடி எடுத்தால், ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் தரமாட்டார்கள். ஏபி கிரெடிட் அழியும். சில கல்லூரிகளில் ஏபி கிரெடிட் தானாக ஏறும். சிலவற்றில் மாணவர் கேட்டு வாங்கினால்தான் ஏறும். இரண்டாவது வகைக் கல்லூரியில் வகுப்பு முடிவான பிறகு கேட்டு வாங்கலாம், அவசரம் வேண்டாம்.

இப்படி மூன்றோ நான்கோ கிரெடிட் போவது பெரிய நட்டமா? ஏற்கெனவே வேறு ஏபிகளில் 30 கிரெடிட் வைத்திருப்பவருக்கு இது சில்லறை. மூன்றாண்டில் பட்டம் முடித்து ஃபீஸ் மிச்சம் பிடிக்கத் திட்டமிடுபவருக்கு அப்படியல்ல. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏபி கிரெடிட்டுக்கு கிரேடு கிடையாது, ஜிபிஏயில் சேராது. எடுக்கும் வகுப்பின் கிரேடு சேரும். ஒரு படி இறங்கி ஏ வாங்குவதற்கும், ஏறி சி வாங்குவதற்கும் உள்ள தூரம் கல்லூரியின் மதிப்பெண் பதிவேடான டிரான்ஸ்கிரிப்டில் நான்காண்டும் கூடவே வரும்.

ஆனால் இரண்டு படி இறங்குவது வேறு கதை. 4 வாங்கியவர் சுலப ஏ வேண்டும் என்று 101இல் போய் ஒளிந்துகொள்வதைப் பல துறைகள் விதி போட்டே தடுத்திருக்கின்றன. முதன்முதலாக 'ஓலா' சொல்லப் பழகுபவர்கள் நடுவில் இப்படி ஒருவர் உட்கார்ந்தால் வகுப்பே கெடுகிறது.

சில பல்கலைக்கழகங்கள் இந்த இறங்கும் ஆசைக்கு எதிர்த்திசையில் ஒரு பரிசு வைத்திருக்கின்றன. விஸ்கான்சின் மாடிசன் பல்கலைக்கழகத்தில், உயர்ந்த வகுப்பில் நேரடியாகச் சேர்ந்து பி அல்லது அதற்கு மேல் கிரேடு வாங்கினால், தாண்டி வந்த கீழ்வகுப்புகளுக்கும் சேர்த்துப் பின்தேதியிட்டு 16 கிரெடிட் வரை தருகிறார்கள். ரெட்ரோ கிரெடிட் என்பார்கள். ஏபியே எழுதாமல் பள்ளியில் நான்காண்டு ஜெர்மன் படித்த பிள்ளைக்குக்கூட இது கிடைக்கும். நிபந்தனை ஒன்று: அந்த மொழியில் கல்லூரியில் எடுக்கும் முதல் வகுப்பே தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். பயந்து கீழே போய் உட்கார்ந்தால் பரிசும் சுருங்கும்.

மூன்று, புது மொழி தொடங்குவது. ஸ்பானிஷ் நிபந்தனையைத் தீர்த்துவிட்டது, அந்த இடத்தில் கொரியனோ அரபியோ படிக்கலாம் என்று பல பேர் போகிறார்கள். நல்ல வழிதான். முதலாண்டு மொழி வகுப்புகள் பல இடங்களில் வாரத்தில் நான்கைந்து நாள் கூடும், நான்கைந்து கிரெடிட் எடுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். முதல் செமஸ்டரில் உயிரியலும் வேதியியலும் ஆய்வுக்கூடத்தோடு வைத்திருப்பவருக்குக் கால அட்டவணையில் இடம் இருக்காது.

நான்கு, நிறுத்திவிடுவது. மொழியில் ஈடுபாடில்லை, நிபந்தனையும் தீர்ந்தது என்றால் நிறுத்துவதில் தவறேதும் இல்லை. 'அடுத்த ஆண்டு தொடரலாம்' என்று தள்ளிவைப்பதுதான் இந்த நான்கிலும் மோசமான தேர்வு. 15 மாத இடைவெளி 27 மாதம் ஆகும். அதற்குப் பிறகு அட்டவணை தரும் 301 இடம் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

## மேலே வகுப்புகள் இருக்கின்றனவா

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டே ஆகவேண்டிய காலம் இது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆங்கிலம் அல்லாத மொழி வகுப்புகளில் சேருவோர் எண்ணிக்கை 2016க்கும் 2021க்கும் இடையில் 16.6% சரிந்தது என்கிறது நவீன மொழிச் சங்கத்தின் கணக்கெடுப்பு. கொரியன் போன்ற ஓரிரண்டு மொழிகள்தான் இதற்கு விலக்காக வளர்ந்தன. 2023இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் செலவுக் குறைப்பில் தன் உலக மொழிகள் துறையையே கலைத்தது.

மாணவர் மேல் இதன் விளைவு நேரடியானது. துறை சுருங்கும்போது 101 நிற்காது, முதலில் விழுவது மேல்வகுப்புகள். ஜெர்மனிலோ இத்தாலியனிலோ 5 வாங்கி 301க்குத் தகுதி பெற்றவர் தேடிப் பார்த்தால், அந்த 301 இரண்டாண்டுக்கு ஒரு முறைதான் நடக்கிறது என்று தெரியவரும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கடந்த நான்கு செமஸ்டர் வகுப்புப் பட்டியலைத் திறந்து, உங்கள் மொழியில் 300க்கு மேல் உண்மையில் எத்தனை வகுப்புகள் நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். விளம்பரக் கையேட்டில் இருக்கும் பாடப் பட்டியலை நம்ப வேண்டாம்; அதில் பத்தாண்டாக நடக்காத வகுப்பும் இருக்கும்.

## பதிவு செய்யும் முன் செய்யவேண்டியவை

1. அட்டவணை சொல்லும் வகுப்பு, அதற்கு ஒரு படி கீழ் வகுப்பு, இரண்டின் சிலபஸையும் வாங்குங்கள். மேல்வகுப்பின் மூன்றாம் வார வாசிப்பை எடுத்து ஒரு பக்கம் படியுங்கள். அகராதியைப் பக்கத்துக்கு ஐந்தாறு முறை புரட்டினால் பரவாயில்லை. இருபது முறை என்றால் கீழ்வகுப்பு.

2. நேற்று நடந்த ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். செயலி வேண்டாம். எழுதி முடிக்க எவ்வளவு நேரமானது என்று பாருங்கள்.

3. மதிப்பெண் கல்லூரிக்குப் போயிருக்கிறதா என்று சரிபாருங்கள். ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம், ஜூன் 20க்குள் கல்லூரியின் பெயரைக் கொடுக்க வேண்டும். தவறினால் பிறகு பணம் கட்டி அனுப்பலாம்.

4. முதல் வாரத்தில் இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்து பாருங்கள். செமஸ்டரின் ஆரம்ப நாட்களில் கிரேடு பாதிக்காமல் வகுப்பு மாற இடம் தருவார்கள். மொழித் துறைகளுக்கு இது பழக்கமான விஷயம். ஒரு படி மேலேயோ கீழேயோ மாற்றிவிட ஆசிரியர்களே உதவுவார்கள். கீழிருந்து மேலே மாறுவது, மேலிருந்து கீழே மாறுவதைவிடக் கடினம், ஏனென்றால் மேல்வகுப்பில் அதற்குள் இரண்டு பாடம் ஓடியிருக்கும். சந்தேகம் இருந்தால் மேல்வகுப்பில் தொடங்குங்கள்.

நடுவில் கல்லூரி மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கல்லூரி தந்த ஏபி கிரெடிட் டிரான்ஸ்கிரிப்டில் இருந்தாலும் புதிய கல்லூரி பெரும்பாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாது. காலேஜ் போர்டிலிருந்து மதிப்பெண்ணை மறுபடி வரவழைத்துத் தன் அட்டவணைப்படி புதிதாகக் கணக்குப் போடும். 3க்கு எட்டு யூனிட் தந்த இடத்திலிருந்து, 5க்குக் குறைந்தால் ஒன்றுமில்லை என்னும் இடத்துக்குப் போகிறவர்கள் உண்டு.

## ஏபி இல்லாத மொழி: தமிழ்

அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த அட்டவணைகளில் ஒரு வரிகூட இல்லை. தமிழுக்கு ஏபி தேர்வு கிடையாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பத்தாண்டு படித்தாலும் 1 முதல் 5 வரை ஓர் எண் கிடைக்காது.

அதற்குப் பதிலாக இருப்பது வேறு பாதை. கலிஃபோர்னியாவில் 2011இல் சட்டமாகிப் பிறகு பல மாநிலங்களுக்குப் பரவிய இருமொழித் தேர்ச்சி முத்திரை, பள்ளி டிப்ளமாவில் ஒட்டப்படும். தமிழிலும் அதைப் பெறுகிறார்கள். அமெரிக்க மொழி ஆசிரியர்களின் அமைப்பான ஆக்ட்ஃபிலின் தரநிலைப்படி நடக்கும் வாய்மொழித் தேர்வு தமிழுக்கும் உண்டு. சில பள்ளி மாவட்டங்கள் தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு உயர்நிலைப் பள்ளிக் கிரெடிட்டும் தருகின்றன. கல்லூரி இந்த முத்திரையைப் பார்த்துக் கிரெடிட் தருமா என்பது மறுபடியும் அந்தந்தக் கல்லூரியின் முடிவு.

பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கிறார்கள். அங்கே போகும் வீட்டுத்தமிழ்ப் பிள்ளைக்கு வரும் சிக்கல் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளையுடையதைவிட ஒரு சுற்று கூடுதல். "அவங்க வந்துட்டாங்க" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்று அச்சில் பார்த்ததும் எழுத்துக் கூட்டி நின்றுவிடும். காதுக்கு மூன்றாம் ஆண்டுத் தமிழ், கண்ணுக்கு முதலாண்டுத் தமிழ். எழுத்தே தெரியாமல் போனால் முதலாண்டு வகுப்பில்தான் போடுவார்கள். அங்கே பக்கத்தில் சங்கப் பாடல் ஆராய வந்த ஓர் ஆராய்ச்சி மாணவர் இருக்கலாம். அவர் எழுத்தைத் திருத்தமாக வாசிப்பார், பேச்சு வராது.

தமிழ் வகுப்புகளில் இடம் முடிவாவது பெரும்பாலும் ஆசிரியரோடு நேரில் பேசித்தான். அந்தச் சந்திப்புக்குப் போகும் முன் கோடையில் எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டு போனால்கூட ஓராண்டு மேலே உட்காரலாம். உயிர் 12, மெய் 18, ஒரு மாதம் தினமும் அரை மணி. பேச்சு ஏற்கெனவே இருப்பதால் வாசிப்பு மற்றவர்களுக்கு வருவதைவிட வேகமாக வரும். போகும்போது ஏதாவது ஒரு நாளிதழ்ச் செய்தியைத் தட்டுத்தடுமாறியாவது வாசிக்கத் தயாராகப் போக வேண்டும். ஆசிரியர் முதலில் நீட்டுவது பெரும்பாலும் அப்படி ஒரு தாளாகத்தான் இருக்கும்.